எரிதலும் உயிர்த்தலும்

சாப்பிட்ட சோறு உடலுக்குள் எரிந்து சக்தியாகிறது என்பது பள்ளிப் பாடத்திலிருந்து உடற்பயிற்சிக் கூடம் வரை எல்லோரும் சொல்லும் விளக்கம். கலோரியை எரிக்கிறோம், கொழுப்பைக் கரைக்கிறோம், வயது ஏற ஏற உள்ளே அனல் தணிகிறது என்றெல்லாம் பேசிப் பழகிவிட்டோம். பசியைத் தீயாகக் காண்பது நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில் காயசண்டிகையைப் பிடித்த தீராப் பசிக்கு யானைத்தீ என்றே பெயர். இந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. உடலுக்குள் போகும் உணவையும் ஆக்சிஜனையும், வெளியே வரும் கரியமில வாயுவையும் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டால், விறகு எரிவதற்கும் உயிர் வாழ்வதற்கும் கணக்கு ஒன்றாகவே வருகிறது. ஆனால் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் இடையில் நடப்பது முற்றிலும் வேறு. வளர்சிதை மாற்றம் என்று நாம் அழைப்பது அந்த இடைவழியைத்தான். சென்ற 250 ஆண்டு ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால், அவை மெல்ல மெல்ல ஒரே முடிவை நோக்கி நகர்ந்திருப்பது தெரியும்: உயிரின் சிறப்பு சக்தியை வெளிவிடுவதில் இல்லை, அதைப் படிப்படியாகப் பிடித்து, வேறொரு வேலையோடு பிணைத்து, தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பதில் இருக்கிறது.

எரிதல் என்ற கருத்துக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிட வேண்டும். அது வெறும் உவமையாகப் பிறந்ததல்ல, துல்லியமான அளவீட்டில் பிறந்தது. 1782-83 குளிர்காலத்தில் பாரிசில் அந்துவான் லவாய்சியரும் பியர் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைக் கூண்டில் அடைத்து, சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பிய கலத்துக்குள் வைத்தார்கள். அறையின் சூடு உள்ளே வராதபடி வெளிப்புறத்தில் இன்னொரு பனிக்கட்டி அடுக்கு. உள் அடுக்கு உருகி அடியில் வடிந்த நீரை நிறுத்தால், விலங்கு எவ்வளவு வெப்பம் விட்டது என்று தெரிந்துவிடும். அதே விலங்கு மூச்சில் விட்ட கரியமில வாயுவையும் அளந்தார்கள். அதே அளவு வாயு வரும்வரை மரக்கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்று ஒப்பிட்டபோது, இரண்டும் அருகருகே வந்தன. மூச்சு விடுவது மெதுவாக எரிவதே என்று லவாய்சியர் முடிவு செய்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஜெர்மனியில் மாக்ஸ் ருப்னர் நாய்களையும், அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் மனிதர்களையும் மூடிய அறைகளில் வைத்து அளந்தார்கள். உணவின் சக்தியும் உடல் விட்ட வெப்பமும் மிகச் சிறிய வேறுபாட்டுக்குள் பொருந்தின. உயிருக்கென்று தனிப்பட்ட மாயசக்தி எதுவும் இல்லை, பௌதிக விதி உயிரையும் கட்டுப்படுத்துகிறது என்று நிறுவிய ஆய்வுகள் இவை.

ஆனால் கணக்கு பொருந்துவதால் வழியும் ஒன்று என்றாகிவிடாது. ஒரு வேதிமாற்றத்தில் வெளிவரும் மொத்த வெப்பம் தொடக்கப் பொருளையும் முடிவுப் பொருளையும் மட்டுமே பொறுத்தது. இடையில் ஒரே தாவலில் போனாலும் ஐம்பது படிகளில் இறங்கினாலும் கூட்டுத்தொகை மாறாது. எனவே லவாய்சியரின் பனிக்கட்டிக் கலம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் உள்வழியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. உள்ளே நடப்பது எரிதலாக இருக்க முடியாது என்பதற்கு எளிய கணக்கே போதும். நெருப்பு தருவது வெப்பம். வெப்பத்திலிருந்து வேலை வாங்க வேண்டுமானால், நீராவி எஞ்சினைப் போல, சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் தேவை. நம் தசை உணவின் சக்தியில் கால் பங்கு அளவுக்கு வேலையாக மாற்ற வல்லது. 37 டிகிரி உடலில் வெப்ப எஞ்சின் முறையில் இந்தத் திறனை எட்ட, தசையின் ஒரு பகுதி குறைந்தது 140 டிகிரி செல்சியசில் கொதிக்க வேண்டும். அந்த வெப்பத்தில் புரதம் எதுவும் பிழைக்காது. ஆக, செல் வெப்பத்தைக் கொண்டு வேலை செய்வதில்லை. வெப்பமாக மாறும் முன்பே வேதிச் சக்தியை வேறு வழியில் பிடிக்கிறது. வெப்பம் அந்த வேலையின் பின்விளைவு.

அந்த வேறு வழியின் முதல் தடயம் சாராயப் புளிப்பில் கிடைத்தது. சர்க்கரை நொதிப்பதற்கு முழு உயிருள்ள ஈஸ்ட் செல் தேவை என்று லூயி பாஸ்டர் கருதினார். 1897-இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, செல்லே இல்லாத சாற்றில் சர்க்கரை நொதிப்பதைக் காட்டினார். உயிரின் வேதியியலைச் செல்லுக்கு வெளியே எடுத்து, படிப்படியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றாகிவிட்டது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் குளுக்கோஸ் பைருவேட்டாக மாறும் பத்துப் படிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒவ்வொரு படிக்கும் தனி நொதி. அதன்பின் வரும் பாதையை ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த விதம் நெருங்கிப் பார்க்கத் தக்கது. புறாவின் அரைத்த நெஞ்சுத் தசையில் சிறிதளவு சிட்ரேட்டைச் சேர்த்தார். தசை உறிஞ்சிய ஆக்சிஜன், அந்தச் சிட்ரேட் முழுதும் சிதைந்தால் தேவைப்படும் அளவைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. சேர்த்த பொருள் தீர்ந்துபோகாமல் மறுபடியும் மறுபடியும் உருவாகிறது என்றால் மட்டுமே இது சாத்தியம். அதாவது பாதை நேர்கோடாக ஓடாமல் சுழல்கிறது. உணவின் கார்பன் அணுக்கள் இந்தச் சுழற்சியில் கரியமில வாயுவாகக் கழிகின்றன. அவற்றோடு இருந்த எலக்ட்ரான்கள் மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டு, கடத்தி மூலக்கூறுகளில் ஏற்றப்படுகின்றன. ஆக்சிஜன் இந்தச் சுழற்சிக்குள் நேரடியாகக் கலப்பதே இல்லை. நெருப்பில் கார்பனை நேரே பற்றிக்கொள்ளும் ஆக்சிஜன், செல்லில் பாதையின் கடைசியில் நின்று எலக்ட்ரான்களை ஏற்று நீராகிறது.

பிரித்தெடுத்த சக்தி எந்த வடிவில் பயன்படுகிறது என்ற கேள்விக்கான விடையில் சென்னையில் படித்த ஒருவருக்கு முக்கியப் பங்கு உண்டு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், 1920-களில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் பிஸ்கேயுடன் சேர்ந்து, ரத்தத்திலும் திசுவிலும் பாஸ்பரசை நிறமாற்றத்தால் அளக்கும் முறையை உருவாக்கினார். அந்த முறையால் தசையைச் சோதித்தபோது, அதுவரை யாரும் அறியாத பாஸ்பேட் சேர்மம் ஒன்று தட்டுப்பட்டது. தசை சுருங்கும்போது அது குறைந்தது, ஓய்வெடுக்கும்போது மீண்டும் கூடியது. அதுதான் பாஸ்போகிரியேட்டின். 1929-இல் ஏடிபி என்ற இன்னொரு பாஸ்பேட் மூலக்கூறை அவர்களும், ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனித்தனியே கண்டறிந்தார்கள். அதுவரை லாக்டிக் அமிலமே தசையைச் சுருங்க வைக்கிறது என்று நோபல் பரிசு பெற்ற ஆய்வாளர்களும் நம்பியிருந்தார்கள். லாக்டிக் அமிலம் உருவாகாதபடி நஞ்சூட்டிய தசையும் சிறிது நேரம் சுருங்கும் என்று டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்ட் 1930-இல் காட்டியதும் அந்த நம்பிக்கை விழுந்தது. பாஸ்பேட் பிணைப்பே செல்லின் பொதுச் சக்தி வடிவம் என்று 1941-இல் பிரிட்ஸ் லிப்மன் தொகுத்துச் சொன்னார். உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி மிகச் சொற்பம். ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சிதைந்து உருவாவதால், ஒரு நாளில் புழங்கும் மொத்த ஏடிபியின் எடை பல பத்துக் கிலோவாக ஏறி, ஆளின் எடையை நெருங்குகிறது. சேமித்து வைக்கும் எரிபொருளின் குணம் இதுவல்ல.

எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்வதற்கும் ஏடிபி உருவாவதற்கும் என்ன தொடர்பு என்பது இருபதாம் நூற்றாண்டு உயிர்வேதியியலின் பெரிய புதிர். இடையில் ஏதோ ஒரு வேதிச் சேர்மம் இருக்க வேண்டும் என்று பல ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் தேடின, எதுவும் கிடைக்கவில்லை. 1961-இல் பீட்டர் மிட்செல், அப்படிப்பட்ட சேர்மமே இல்லை என்றார். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் உட்சவ்வில் எலக்ட்ரான்கள் நகரும்போது புரோட்டான்கள் ஒருபுறமிருந்து மறுபுறம் தள்ளப்படுகின்றன. திரும்பிவரத் துடிக்கும் அந்தப் புரோட்டான்கள் ஒரே ஒரு வாயில் வழியாக வரும்போது ஏடிபி உருவாகிறது என்பது அவர் கோட்பாடு. மேட்டூரில் தேக்கிய நீர் சுழலி வழியாக இறங்கி மின்சாரம் தருவதை நினைத்துக்கொண்டால் போதும். சக்தி நீரில் இல்லை, அணையின் இரு பக்கமும் உள்ள உயர வேறுபாட்டில் இருக்கிறது. அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அதன் குறுக்கே ஏறத்தாழ 150 மில்லிவோல்ட். ஒரு மீட்டருக்கு என்று கணக்கிட்டால் 3 கோடி வோல்ட். மைட்டோகாண்ட்ரியா உள்ள நம் ஒவ்வொரு செல்லும் இப்படியொரு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

மிட்செலின் கருத்தைத் துறை உடனே ஏற்கவில்லை. ஏற்க வைத்தவை சோதனைகள். 1966-இல் ஆன்ட்ரே ஜாகெண்டார்ப், பசலைக் கீரையின் பசுங்கணிகத்தை அமிலக் கரைசலில் ஊறவைத்து, பின் இருட்டிலேயே காரக் கரைசலுக்கு மாற்றினார். வெளிச்சம் இல்லை, எலக்ட்ரான் ஓட்டம் இல்லை. ஆனாலும் ஏடிபி உருவானது. 1974-இல் எப்ரைம் ராக்கரும் வால்தர் ஸ்டோகெனியசும் இதைவிடத் துணிச்சலாகச் செய்தார்கள். கொழுப்பாலான செயற்கைக் குமிழிகளில், உப்புநீர் நுண்ணுயிரிலிருந்து எடுத்த, ஒளியால் புரோட்டானைத் தள்ளும் புரதத்தையும், மாட்டு இதயத்திலிருந்து எடுத்த ஏடிபி ஆக்கும் நொதியையும் பதித்தார்கள். வெளிச்சம் பட்டதும் ஏடிபி வந்தது. அந்தக் குமிழியில் உணவு இல்லை, ஆக்சிஜனுக்கு வேலை இல்லை, எரிதலின் சுவடே இல்லை. உயிர்ச்சக்திக்குத் தேவை புரோட்டான் வேறுபாடே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மிட்செலுக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏடிபி ஆக்கும் அந்த நொதி சுழலியைப் போல உண்மையிலேயே சுழல்கிறது என்பதை 1997-இல் ஜப்பானில் ஹிரோயுகி நோஜியும் சக ஆய்வாளர்களும் கண்ணெதிரே காட்டினார்கள். நொதியைக் கண்ணாடியில் ஒட்டி, அதன் நடுத்தண்டில் ஒளிரும் ஆக்டின் இழை ஒன்றைப் பொருத்தி, ஏடிபி கொடுத்ததும் இழை ஒரே திசையில் சுற்றத் தொடங்கியது. சாதாரணமாக ஏடிபி ஆக்கும் பொறி அங்கே பின்னோக்கி இயங்கியது. ஒரு மூலக்கூறின் சுழற்சியை நுண்ணோக்கியில் நேராகப் பார்க்க முடிந்தது.

எலக்ட்ரான் ஓட்டத்துக்கும் ஏடிபிக்கும் உள்ள பிணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதே இந்த வாதத்துக்கு மிகக் கடுமையான சான்று. 1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு மருத்துவர்கள் டைநைட்ரோபீனால் என்ற பொருள் உடல் எடையைக் குறைக்கிறது என்று அறிவித்தார்கள். புரோட்டான்களைச் சவ்வின் குறுக்கே கசிய விடும் பொருள் அது. எலக்ட்ரான்கள் ஓடும், ஆக்சிஜன் செலவாகும், கொழுப்பு சிதையும், ஆனால் ஏடிபி உருவாகாமல் எல்லாம் வெப்பமாகவே போகும். எடை உண்மையிலேயே குறைந்தது. கண்புரை வந்தது, அளவு மீறியவர்கள் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி இறந்தார்கள். 1938-க்குப் பின் அமெரிக்காவில் மனிதர் உட்கொள்ள அது தடை செய்யப்பட்டது. அந்த மருந்து உடலை உண்மையில் அடுப்பாக்கிக் காட்டியது. அடுப்பான உடல் பிழைக்கவில்லை. இதற்கு மறுப்பாகப் பழுப்புக் கொழுப்பைச் சுட்டலாம். பச்சிளம் குழந்தைகளும் குளிர்கால உறக்கத்தில் கிடக்கும் விலங்குகளும் அந்தக் கொழுப்பில் புரோட்டான்களை வேண்டுமென்றே கசிய விட்டுச் சூடுண்டாக்குகின்றன. ஆனால் அந்தக் கசிவுக்கென்றே தனிப் புரதம் இருக்கிறது. குளிர் தாக்கும்போது நரம்பின் கட்டளையால் அது திறக்கிறது, தேவை முடிந்ததும் அடங்குகிறது. உடல் எரிய வேண்டிய இடத்தில்கூட கட்டளைக்குட்பட்டே எரிகிறது என்பதால், இந்த விதிவிலக்கு வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது.

எரிதல் உவமை மனிதனையும் நாயையும் கினிப்பன்றியையும் பார்த்து எழுந்தது என்பதையும் மறக்கக் கூடாது. உயிருலகின் பெரும்பகுதி அப்படி வாழவில்லை. இட்லி மாவைப் பொங்க வைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்து, சொற்ப ஏடிபியில் காலம் தள்ளுகின்றன. நெல் வயலின் நீர்ச் சேற்றில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு. 1880-களில் செர்கேய் வினோகிராட்ஸ்கி ஆராய்ந்த பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து எலக்ட்ரான்களை எடுத்து வாழ்ந்தன. வெளிச்சமே எட்டாத ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி வாழும் புழுக்களும் சிப்பிகளும் இத்தகைய பாக்டீரியாக்களை நம்பியே இருக்கின்றன. எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது, எதில் போய் முடிகிறது என்பது உயிருக்கு உயிர் மாறுகிறது. ஆனால் எலக்ட்ரான் ஓட்டத்தைச் சவ்வின் குறுக்கே அயனி வேறுபாடாக்கி அதிலிருந்து ஏடிபி பெறும் முறை பாக்டீரியா முதல் பசலை, புறா, மனிதன் வரை பரவிக் கிடக்கிறது. பொதுவானது எரிபொருள் இல்லை, நெருப்பும் இல்லை, பிணைப்பு முறைதான்.

உவமையின் இன்னொரு பிழை, அடுப்பு வேறு விறகு வேறு என்ற எண்ணம். உடல் நிலையான கட்டுமானம், உணவு அதற்குள் வந்து போகும் எரிபொருள் என்று 1930-கள்வரை அறிவியலாளர்களும் நினைத்திருந்தார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ப் ஷோன்ஹைமர் கனமான நைட்ரஜனால் குறியிட்ட அமினோ அமிலத்தை வளர்ச்சி முடிந்த எலிகளுக்கு ஊட்டினார். எடை கூடாத எலி, வந்ததை எரித்துச் சிறுநீரில் தள்ளியிருக்க வேண்டும். மாறாக, குறியிட்ட நைட்ரஜனில் பாதிக்கு மேல் எலியின் சொந்தப் புரதங்களுக்குள் போய் அமர்ந்திருந்தது. பழைய புரதம் அதே அளவில் சிதைந்து இடம் விட்டிருந்தது. வளர்ந்த மனித உடலும் நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் வரை புரதத்தைச் சிதைத்துத் திரும்பக் கட்டுகிறது. உண்ணும் புரதத்தைவிட இது பல மடங்கு. எதுவும் செய்யாமல் படுத்திருப்பவருக்கும் ஏன் இவ்வளவு சக்தி தேவை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஓய்வுச் செலவில் பெரும்பங்கு இந்தப் புதுப்பித்தலுக்கும், செல்சவ்வுகளில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் பிரித்து வைப்பதற்கும் போகிறது. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, ஓய்வுச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவு பாதைகளும் ஒரே செல்லில் ஒரே நேரத்தில் தாறுமாறாக ஓடாமல் இருப்பதே கட்டுப்பாட்டின் சிறப்பு. ஏடிபி நிறைந்திருந்தால் அதுவே சர்க்கரைச் சிதைவின் முக்கிய நொதி ஒன்றைத் தடுக்கிறது. குறைந்தால் தடை விலகுகிறது. சாப்பிட்டதும் இன்சுலின் ஏறி, குளுக்கோசைத் தசைக்கும் கொழுப்புக்கும் அனுப்பச் சொல்கிறது. இரவில் அது இறங்கி, கல்லீரல் தன்னிடமுள்ள சுமார் 100 கிராம் கிளைக்கோஜனிலிருந்து சர்க்கரை வழங்குகிறது. பட்டினி நாள்கணக்கில் நீண்டால் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உருவாக்குகிறது. பல வாரம் உண்ணாதவர்களில் மூளையின் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கீட்டோன்களே தருகின்றன என்று 1967-இல் ஆலிவர் ஓவன், ஜார்ஜ் காஹில் குழு அளந்து காட்டியது. மூளைக்காகத் தசைப் புரதத்தைச் சர்க்கரையாக்கும் கட்டாயம் இதனால் தணிகிறது. பட்டினியில் மனிதன் வாரக்கணக்கில் உயிர் பிழைப்பது இதனால்தான்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். உள்ளே எத்தனை படிகள் இருந்தால் என்ன, சக்தி அழியாது என்பது விதி. உண்டதில் செலவானது போக மீந்தது கொழுப்பாகும், அவ்வளவுதானே? விதி சரிதான், எந்த உயிரும் அதை மீறுவதில்லை. ஆனால் அந்தக் கணக்கில் செலவுப் பக்கத்தை நம் விருப்பத்துக்கு நிலையாக வைத்துக்கொள்ள முடியாது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்கள் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். ஓய்வுச் செலவோ அதைவிட அதிக விகிதத்தில் சுருங்கியது. உள்வரவு குறைந்தால் உடல் செலவையும் குறைக்கிறது. உழைப்பைக் கூட்டினாலும் கணக்கு நேராகக் கூடுவதில்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் நாளெல்லாம் நடமாடும் ஹட்சா மக்களின் அன்றாடச் சக்திச் செலவு, உடல் அளவைக் கணக்கில் கொண்டால், மேற்கத்திய நகரவாசிகளின் அளவை ஒத்தே இருக்கிறது என்று ஹெர்மன் பான்ட்சர் குழு 2012-இல் கண்டது. 6,400-க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் தொகுத்த 2021 ஆய்வு, உடல் அளவுக்கு ஈடுகட்டிப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வயதுவரை சக்திச் செலவு பெரிதும் மாறுவதில்லை என்று காட்டியது. நாற்பதில் தொப்பை போடுவதற்கு உள் அனல் தணிந்ததைக் காரணம் சொல்வது இந்தச் சான்றோடு ஒத்துப்போகவில்லை. கலோரிக் கணக்கு பொய்யில்லை. அதன் இரு பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்து நகர்கின்றன என்பதை அது சொல்லாமல் விடுகிறது.

இது வெறும் கோட்பாட்டு விவாதமில்லை என்பதை நோய்கள் காட்டுகின்றன. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ‘இண்டியாப்’ ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்கள் ரத்தத்தில் எரிபொருளுக்குக் குறைவில்லை. தேவைக்கு மேலேயே இருக்கிறது. பிசகியிருப்பது கட்டளையும் அதைக் கேட்கும் செல்லும். இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் தசையைவிடக் கொழுப்பை அதிகம் காத்துக்கொண்டு பிறக்கின்றன என்று புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக் காட்டியிருப்பதால், ஒல்லியாக இருப்பவரையும் நீரிழிவு பிடிக்கும் காரணம் ஓரளவு விளங்குகிறது. எடை எந்திரத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. இன்னும் தெளிவான சான்று பிறவிக் கோளாறுகள். 1934-இல் நார்வேயில் அஸ்பியோர்ன் பெல்லிங் கண்டறிந்த பினைல்கீட்டோனூரியாவில், பினைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தை மாற்றும் ஒரே நொதி பழுதாகிறது. அந்தக் குழந்தையும் மற்றக் குழந்தைகள் குடிக்கும் பாலையே குடிக்கிறது, கலோரியும் அதேதான். ஆனால் ஒரு படி அடைபட்டதால் பினைல்அலனின் தேங்கி மூளை மீளமுடியாதபடி சேதமாகிறது. பிறந்த சில வாரங்களுக்குள் கண்டறிந்து உணவை மாற்றினால் அதே குழந்தை இயல்பாக வளர்கிறது.

ஆகவே வளர்சிதை மாற்றத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு எரிந்தது என்பதோடு நின்றுவிடக் கூடாது. எந்தப் படியில், எந்த நொதியால், யாருடைய கட்டளையில், எதனோடு பிணைந்து என்று கேட்டால்தான் நீரிழிவும் பட்டினியும் உடற்பருமனும் விளங்கும். வளர்சிதை மாற்றத்தை முடுக்கிவிடுவதாக விற்கப்படும் பொடியையும் மாத்திரையையும் அப்போது எளிதில் எடைபோடலாம். கண்மூடித்தனமான முடுக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை டைநைட்ரோபீனால் காட்டிவிட்டது. பள்ளிப் பாடம் சமன்பாட்டின் இரு முனைகளோடு நிறுத்தாமல் நடுவழியையும் சொல்ல வேண்டும். மருத்துவத் திட்டமும் அந்த நடுவழியைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிறந்த குழந்தையின் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்துப் பழுதான படியைக் கண்டறியும் சோதனை 1960-களிலிருந்தே உலகில் இருக்கிறது. இந்தியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது இன்னும் கிடைக்கவில்லை. உடலின் வேதியியலைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிறகும் அந்தச் சில சொட்டு ரத்தத்தைச் சோதிக்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.